தக்காளி ஏன் தன் வயிற்றிலேயே முளைப்பதில்லை?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். ரசத்துக்கு நறுக்கிய தக்காளி. உள்ளே வெளிர்பச்சையில் நெளிநெளியாக ஏதோ. “புழு என்று அலறிவிட்டேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால் குட்டிக் குட்டிச் செடி. தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். மரபணு மாற்றிய தக்காளி, தொடாதீர்கள் என்கிறார் ஒருவர். வீட்டுக்கு ஆகாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். என் கோபம் வேறு. சித்திரையில் ஒரு டப்பா செர்ரி தக்காளி வாங்கி, பிதுக்கி, மொட்டைமாடித் தொட்டியில் விதைத்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்காத இடத்தில் முளைக்கிறது, கேட்ட இடத்தில் மாட்டேன் என்கிறது. ஏன்?”

வாட்ஸப் குழுவை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளியை விற்க இதுவரை யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை. பழம் நாள்பட்டால், அதிலும் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால், உள்ளே விதை முளைப்பது உண்டு. பழம் கெட்டியாக, நாற்றமில்லாமல் இருந்தால் முளைகளை எடுத்துவிட்டு ரசம் வைக்கலாம். கொழகொழத்துப் போயிருந்தால் குப்பைக்கு. ஆற்றுவரை கொண்டுபோக வேண்டாம். காவிரி ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு தக்காளி ஏன் முளைத்தது என்பதைவிட, மற்ற தக்காளிகள் எல்லாம் ஏன் முளைப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. விதை முளைக்க என்ன வேண்டும்? தண்ணீர், காற்று, கொஞ்சம் வெதுவெதுப்பு. பச்சைப்பயற்றை ராத்திரி ஊறப்போட்டுத் துணியில் கட்டினால் மறுநாள் வால் விடுகிறது. தக்காளி விதையோ பழத்துக்குள் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். பழுத்த பழத்தின் விதை முழுதாக முதிர்ந்தும் விட்டது. இருந்தும் அசைவதில்லை. தூங்கவில்லை, தூங்க வைத்திருக்கிறார்கள்.

முதல் காவல், அந்தச் சாறே. சர்க்கரை, அமிலம், பொட்டாசிய உப்புகள் எல்லாம் கரைந்த நீர் அது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான்: கரைசல் கெட்டியாக இருந்தால் அதிலிருந்து தண்ணீரை இழுப்பது விதைக்குக் கடினம். தக்காளிச் சாற்றின் இந்த இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 மடங்குக்கும் மேல். செர்ரி தக்காளி இன்னும் இனிப்பு என்பதால் இன்னும் அதிகம். மாங்காய் ஊறுகாயில் உப்பு செய்கிற அதே வேலையைக் கொஞ்சம் மென்மையாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காவல் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன். 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்களிடம் அகப்பட்டது. உதிர்ப்பது இதுதான் என்று நினைத்து, உதிர்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். பிறகு பார்த்தால், உதிர்ப்பதில் பெரிய பங்கு எத்திலீன் என்ற வேறொரு ஹார்மோனுக்கு. இதன் உண்மையான வேலை, “இப்போது வேண்டாம், பொறு” என்று சொல்வது. வறட்சியில் இலைத்துளைகளை மூடச் சொல்வதும் இதுதான், விதையை முளைக்காதே என்று அமர்த்துவதும் இதுதான்.

எப்படித் தெரியும்? ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபனில் ஹான்ஸ் ஷ்டுபெ என்பவர் தக்காளி விதைகளை எக்ஸ் கதிரில் காட்டி, வருகிற கோணல் செடிகளையெல்லாம் சேர்த்து வைத்தார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்ற வேளாண்மையாளர் மரபியலையே பொய் என்று அடித்துக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கு ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு மரபியலை விடாமல் பிடித்திருந்தவர். அவர் தொகுப்பில் சில செடிகள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உச்சிவெயிலில் துவண்டு விழுந்தன. ஒன்றுக்கு ‘ஃப்ளாக்கா’, தொய்ந்தது என்று பெயர். இன்னொன்றுக்கு ‘சிட்டியன்ஸ்’, தாகித்தது. இவற்றால் அப்சிசிக் அமிலத்தைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியவில்லை, அதனால் இலைத்துளைகள் மூடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. சிட்டியன்ஸ் பழத்தைச் செடியிலேயே கனிந்து நாள்பட விட்டால் என்ன ஆகிறது தெரியுமா? கும்பகோணத்து அம்மா அனுப்பிய படம்தான். காவலாளி இல்லாத வீடு. குழந்தைகள் உள்ளேயே ஆட்டம் போடுகின்றன. சாதாரணத் தக்காளியிலும் நாள் ஆக ஆக இந்த ஹார்மோனின் பிடி தளர்கிறது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தக்காளி விதை ஒன்றைக் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் வைத்தால், சின்னக் கரு சுருண்டு படுத்திருக்கும். அதைச் சுற்றிக் கருவூண். கருவூண் என்றால் கருவுக்கான சாப்பாடு என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. தக்காளியில் அது சாப்பாடு மட்டுமல்ல, சுவரும்கூட. செல்களின் சுவர்கள் மேனான் என்ற கூட்டுச் சர்க்கரையால் கெட்டிப்பட்டவை. பேரீச்சங்கொட்டையைக் கல்லாக்குவது இதே வகைப் பொருள். நம் ஊர்ப் பனங்கொட்டையும் அப்படியே. நுங்காக வழுக்கிக்கொண்டு போகிற அதே கருவூண், முற்றினால் அரிவாளுக்கும் மசியாது. ஆனால் பனங்கொட்டையை மண்ணில் புதைத்துக் கிழங்கு விட வைத்தால், உள்ளே அந்தக் கல் கரைந்து, பஞ்சுபோல் இனிப்பாகத் தவுன் உருவாகிறது. யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். கல்லைச் சர்க்கரையாக்கும் நொதிகள் நடத்துகிற கூத்து அது.

தக்காளி விதையிலும் அதே கூத்து, கடுகளவு மேடையில். கருவின் வேர்நுனி முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் கருவூண் ஒரு மூடிபோல் அமைந்திருக்கிறது. விதை தண்ணீர் குடித்ததும் கரு ஜிப்பரெலின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து மூடிக்கு அனுப்புகிறது. கடிதம் கிடைத்ததும் மூடியில் உள்ள செல்கள் மேனானை அறுக்கும் நொதியைத் தயாரித்துத் தங்கள் சுவரைத் தாங்களே இளக்கிக்கொள்கின்றன. உள்ளிருந்து வேர் தள்ளுகிறது. கதவு தானாக நைந்து கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முளை. அப்சிசிக் அமிலம் இருக்கும்வரை கதவு கடைசிவரை இளகாது.

இதை நிரூபித்த விதம் அழகு. நெதர்லாந்தின் வாகனிங்கனில் குரூட், கார்சன் என்ற இருவர், ஜிப்பரெலின் செய்யத் தெரியாத தக்காளி வகை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் விதையைத் தண்ணீரில் எத்தனை நாள் போட்டாலும் முளைக்காது. ஒரு சொட்டு ஜிப்பரெலின் விட்டால் முளைக்கும். அப்படியானால் கருவுக்கு வலுவில்லையா, கதவு திறக்கவில்லையா? வேர்நுனிக்கு எதிரே இருந்த மூடியை மட்டும் கத்தியால் சீவி எடுத்தார்கள். ஹார்மோன் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரில், விதை முளைத்துவிட்டது! மூடியைத் துளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஊசி வைத்து அளந்தும் பார்த்தார்கள். ஜிப்பரெலின் பட்ட மூடி இளகியிருந்தது. 1987இல் வெளியான கட்டுரை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கதவைக் கையால் சீவிய அந்தக் கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்? காட்டில், பழத்தைத் தின்கிற வாயிடம். காலபாகோஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி விதைகள் கலிஃபோர்னியாவின் டேவிஸில் இருந்த தக்காளி ஆய்வாளர் சார்லஸ் ரிக்கிடம் முளைக்கவே மறுத்தன. கடைசியில் அந்தத் தீவு ராட்சத ஆமைகளுக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, வெளியே வந்ததைக் கிளறி விதை பொறுக்கி நட்டார்கள். முளைத்தன. ரிக்கும் அவரோடு ஆய்ந்த போமனும் 1961இல் இதை எழுதினார்கள். ஆமையின் குடல் விதையின் தோலை அரித்துக் கொடுக்கிறது; ஆமை மெதுவாக நடந்து தாய்ச்செடியிலிருந்து தூரமாய்க் கொண்டுபோயும் விடுகிறது.

இன்றைக்கு இங்கே ஒருவர், ‘ஆமைக்குத் தக்காளி ஊட்டிச் சாணத்தை ஆராய’ என்று நிதி கேட்டு விண்ணப்பம் போட்டால், ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? காலபாகோஸ் தக்காளியில் பூக்காம்பின் நடுவே கணு இல்லாத குணம் ஒன்று இருந்தது. ஆலைக்குப் போகும் தக்காளிகளில் அதைச் சேர்த்த பிறகு, இயந்திரம் பறிக்கும்போது பழம் காம்பில்லாமல் கழன்று வந்தது, ஒன்றையொன்று குத்தவில்லை. சாஸ் ஆலைகளுக்குப் பெரிய லாபம். இதை எந்த விண்ணப்பத்திலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. முதலிலேயே பயனைக் கேட்டு நிதி தருகிற வழக்கம் விதையை விதைக்கும் முன்பே பழத்தை எண்ணிக் காட்டச் சொல்வது.

சரி, ஆமை இல்லாத கும்பகோணத்துக்கு வருவோம். நன்கு பழுத்த செர்ரி தக்காளியை டம்ளரில் பிதுக்கி, ஒரு வாய்த் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். புளித்து நாறும், மேலே வெள்ளை ஏடு படியும். பதறாதீர்கள், விதையைச் சுற்றியிருக்கும் வழவழச் சவ்வை நுண்ணுயிர்கள் தின்கின்றன. டம்ளர்தான் உங்கள் ஆமை. நன்றாக அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்துத் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாட்டி தக்காளி, கத்தரி விதைகளை அடுப்புச் சாம்பலில் பிசறி உலர்த்துவாள். சவ்வும் கழன்று ஈரமும் போகிற நல்ல வழி. அதே பாட்டி வளர்பிறையில்தான் விதைக்க விடுவாள். அதற்கு மட்டும் எனக்குக் காரணம் அகப்படவில்லை, தேய்பிறையில் விதைத்தும் தின்றிருக்கிறேன்.

உங்கள் சித்திரை விதைப்பு தோற்றதற்கு நிலா காரணமில்லை, வெயில். மண் 25 முதல் 30 பாகைக்குள் இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். 35ஐத் தாண்டினால் விதை மறுபடி அமர்ந்துவிடும். மொட்டைமாடித் தொட்டியின் மேல்மண் சித்திரையில் அதையும் தாண்டும். ஐப்பசியில் மழை படாத திண்ணையில், தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு. நாலைந்து இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றிக் குச்சி நடுங்கள். மார்கழிக் குளிரில் பூ உதிராமல் நிற்கும். கோடையில் இரவும் புழுங்கினால் மகரந்தம் சோர்ந்து பூ கொட்டும். காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டால் வண்டு செய்கிற வேலை நடந்துவிடும். கடை டப்பாவில் வருவது பெரும்பாலும் கலப்பின வகை. பிள்ளைகள் எல்லாம் பெற்றோரைப்போல் இருக்க மாட்டார்கள், மெண்டல் அப்போதே சொல்லிவிட்டார். சிலது புளிக்கும், சிலது பெருக்கும்.

டம்ளரை ஐந்தாறு நாள் மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பினால் டம்ளருக்குள் வெள்ளை வெள்ளையாய் வால்கள். சாறு நீர்த்துவிட்டது, காவல் போய்விட்டது, கதவுகள் திறந்துவிட்டன. அப்படித் திறந்த விதையை மறுபடி உலர்த்தி எடுத்துவைக்க முடியாது; வேர் வெளியே வந்த பிறகு உலர்வதைத் தாங்கும் சக்தி அதற்குப் போய்விடுகிறது. உங்கள் ரசத் தக்காளியும் அதே நிலையில்தான் இருக்கிறது. செர்ரி இல்லை என்றாலும் தக்காளிதானே. இந்தக் கட்டுரை வரும்வரை அது தாங்காது என்பதால் உங்களுக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன்: முளைகளை ஒடியாமல் எடுத்து, ஈர மண்ணில் வேர் மறையும்படி வைத்து, முதல் வாரம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினொன்று வைத்ததில் எட்டு பிடித்திருக்கிறதாம்.