கைக்கு வசதியா, குறிக்குச் சரியா?

ஏர் பிஸ்டலை, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கியை, முதன்முதலாகத் தூக்குகிறவர் பெரும்பாலும் முழங்கையைச் சற்று மடக்கி, மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிப்பார். கேட்டால், இதுதான் வசதி என்பார். ஐந்தாறு குண்டுகள் வரை அது வசதிதான். போட்டியிலோ 75 நிமிடத்தில் 60 குண்டுகள், அதுவும் ஒற்றைக் கையால். மடக்கிய முழங்கையைத் தாங்குவது தசை. அது களைக்கக் களைக்கக் கோணம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். கையை நீட்டிப் பூட்டினால் சுமையில் பெரும்பங்கு எலும்புக்கும் மூட்டுக்கும் போய்விடும். முதல் சில வாரங்கள் தோள் வலிக்கத்தான் செய்யும்.

மணிக்கட்டையும் தளரவிடாமல் உறுதியாக வைக்க வேண்டும். அதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 10 மீட்டர் இலக்கில், பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க உள்ள முன் சைட், பின் சைட் இரண்டும் ஒரே நேரில் இருக்க, குறி மட்டும் இலக்கின் மேல் 3 மி.மீ. அலைந்தால், குண்டும் அந்த 3 மி.மீ. தான் விலகும், பத்து கிடைத்துவிடும். மணிக்கட்டு மடங்கி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அரை மி.மீ. ஒதுங்கினால் நிலைமை வேறு. இரு சைட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 33 செ.மீ.; 10 மீட்டர் அதன் முப்பது மடங்கு. அரை மி.மீ. பிழை இலக்கில் 15 மி.மீ. ஆகிவிடும், பத்து போய்விடும். ஆகவே கை ஆடுகிறதே என்று பதறத் தேவையில்லை. பார்வை முன் சைட்டில் கூர்மையாக நிற்கட்டும். இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

பிடியில் கவனிக்க வேண்டியவை: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவை கைப்பிடியின் உச்சியில் ஒட்ட வேண்டும். பெருவிரல் அழுத்தக் கூடாது. சுட்டுவிரல் கைப்பிடியின் பக்கவாட்டில் உரசாமல், நுனிக் கணுவின் சதையால் மட்டும் விசையை (ட்ரிகரை) நேர் பின்னோக்கி இழுக்க வேண்டும். விரலை ஆழமாக நுழைப்பது பலருக்கு இதமாக இருக்கும். ஆனால் இழுக்கும்போது துப்பாக்கியே பக்கவாட்டில் தள்ளப்படும். வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடினால், விசையைச் "சட்"டென்று இழுத்திருக்கிறார் என்றே முதலில் சந்தேகிக்கலாம்.

உடல் நிற்கும் நிலையில் மட்டும் வசதியை நம்பலாம், நம்பவும் வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பாருங்கள். குறி வலமோ இடமோ விலகியிருந்தால் மணிக்கட்டால் திருத்தாமல், பின்காலைச் சற்று நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் உடம்போடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இலங்கையில் சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிதுதான். ஆனாலும் 10 மீட்டரில் அதனால் வரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குளிர்தான் பிரச்சினை. விறைத்த விரலுக்கு, விசையை இழுக்கும்போது வரும் 500 கிராம் எதிர்ப்பு சரியாகத் தெரியாது. சுடும் முன் கையைச் சூடாக்குங்கள். தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்து, போட்டியன்று மாட்டிக்கொண்டால் தோளின் உயரம் மாறிவிடும். இரண்டு நாளும் ஒரே உடை நல்லது.

பழகுவதற்குச் சிறந்த வழி குண்டில்லாமல் சுடுவது. பயிற்றுநர் முன்னிலையில், துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். விசை விடுபடும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டுப் பத்து விநாடிக்குள் விசை விடுபடவில்லையென்றால் கையை இறக்கிவிட்டு, மூச்சை ஒழுங்குபடுத்தி, மறுபடி தூக்குங்கள்.