கீழே கயிறு யார் கையில்?

மழைக்காலம் நெருங்கினால் என் போன் ஓயாது. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிற அழைப்பெல்லாம் அநேகமாக ஒரே மாதிரித்தான். "அண்ணே, லயத்துக்குப் பின்னால ஒரு டர்பன்டைன் மரம் சாஞ்சு நிக்குது. ஏற ஒரு ஆள் போதும். எவ்வளவு கேப்பீங்க?" நான் விலை சொல்வதில்லை. "கீழ யாரு கயிறு பிடிக்கிறது?" என்று கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "அதுக்கென்னண்ணே, நாங்க நாலு பேர் இருக்கோம், பிடிச்சிக்கலாம்" என்று வரும்.

அந்தப் "பிடிச்சிக்கலாம்"தான் எனக்குப் பயம்.

16 வருடமாக இலங்கை மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் மரம் ஏறுவதுதான் என் பிழைப்பு. மரத்திலிருந்து ஆள் விழுந்த கதையைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஒழுங்காக இடுப்புப் பட்டி கட்டி, வாளைக் கையில் எடுக்கும்போது இரண்டு இடத்தில் கயிறு மாட்டி நிற்கிறவன் அவ்வளவு சுலபமாக விழமாட்டான். நான் இரண்டு முறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். இரண்டு முறையும் கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை. கீழே நின்றவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார், நான் வெட்டிய கட்டை என்னிடமே திரும்பி வந்தது.

தோட்டத்தில் எங்களுக்கு வேலை வைக்கிற மரங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று சவுக்கு, அதாவது கிரேவிலியா. (தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம், உங்கள் சவுக்கு வேறு மரம்.) இன்னொன்று டர்பன்டைன், யூக்கலிப்டஸ். இரண்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஒன்று தேயிலைக்கு நிழலுக்கு, மற்றது ஃபெக்டரிக்கு விறகுக்கு. சவுக்குக் கிளை வளையாது, சட்டென்று முறியும். வருடா வருடம் தலையை வெட்டி விட்டிருந்தால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் தளிர் அடித்துக் கையளவு, தொடையளவு தடித்திருக்கும். கீழேயிருந்து பார்த்தால் பலமான கிளை மாதிரித் தெரியும். ஆனால் அது மரத்தின் மேல்தோலோடு ஒட்டி வளர்ந்தது, உள்ளே வேர் பிடித்தது இல்லை. வெட்டுக்காயம் வழியாகத் தண்ணீர் இறங்கி அதன் அடி உக்கியும் இருக்கும். அந்தத் தளிர்க் கிளையில் நான் கயிறு போடவே மாட்டேன்.

டர்பன்டைனின் சங்கதி வேறு. பலமான மரம், ஆனால் பாரம். பச்சையாக வெட்டினால் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1 தொன் வரும். 35 சென்ரிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள துண்டு கிட்டத்தட்ட 100 கிலோ. பார்வைக்கு அவ்வளவு பாரம் என்று தெரியாது. அதனால்தான் "சின்னத் துண்டுதானே, கையால பிடிச்சிக்கலாம்" என்கிறார்கள்.

ஏறுவதற்கு முன் நான் மரத்தைச் சுற்றி வருவேன். மேலே பார்ப்பதற்கு முன் கீழே. சரிவில் நிற்கிற மரத்தின் மேட்டுப் பக்கத்து மண்ணில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தால் வேர் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. அந்த மரத்தில் ஏற மாட்டேன். பக்கத்து மரத்தில் ஏறி அங்கிருந்து வேலை செய்ய முடியுமா என்று பார்ப்பேன், இல்லாவிட்டால் திரும்பிவிடுவேன். கான் (வடிகால்) வெட்டும்போது ஒரு பக்க வேரை அறுத்து விட்டிருக்கிறார்களா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு மரம் ஏறத் தெரிய வேண்டியதில்லை. லயத்தில் இருக்கிற யாரும் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டி மலையெல்லாம் சரிந்ததற்குப் பிறகு, ஊறிய மண்ணில் நிற்கிற மரத்தை நான் முன்பு போல நம்புவதில்லை.

அப்புறம் குளவி. நம் ஊர்ச் செய்தியில் குளவி கொட்டியது வராத மாதமில்லை. கொழுந்து எடுப்பவர்களுக்கு ஓடவாவது இடமிருக்கிறது. 20 மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவன் எங்கே ஓடுவது? கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, கயிற்றுக்கு வருவோம். மரம் ஏறுகிறவனிடம் இரண்டு வகைக் கயிறு இருக்க வேண்டும். ஒன்று ஆளுக்கு, மற்றது கட்டைக்கு. ஆள் கயிற்றில் கட்டையைக் கட்டினால் அன்றோடு அது ஆள் கயிறு இல்லை. கடைத்தெருவில் கிலோக் கணக்கில் விற்கிற பச்சை, நீலக் கயிறு மாடு கட்டவும் லொறியில் சாமான் கட்டவும் நல்லது. அதில் ஆள் தொங்கக் கூடாது. பொலிப்புரொப்பிலீன் கயிறு 160 பாகை செல்சியசைத் தாண்டினால் உருகும், வெயிலில் கிடந்தால் நொறுங்கும். கட்டை வேகமாக இறங்கும்போது கயிறு மரத்தில் உரசுகிற இடத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். பொலியெஸ்டர் கயிறு 250 பாகைக்குப் பக்கத்தில்தான் உருகும். கட்டை இறக்கும் கயிற்றில், அது அறுகிற பாரத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்க விடக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. அது ஏன் அத்தனை குறைவு என்பதைக் கட்டையே சொல்லிவிடும்.

கிளையெல்லாம் கழித்த பிறகு மொட்டையாக நிற்கிற நடுமரத்தைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். கீழே கூரை இருக்கிறது, அப்படியே தள்ள முடியாது. வெட்டப்போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே மரத்தில் ஒரு கப்பியைக் கட்டுவேன். கயிறு கீழிருந்து அந்தக் கப்பி வழியாக வந்து, மேலே இருக்கிற துண்டில் ஓடும் சுருக்காக விழும். சுருக்குக்குக் கீழே ஒரு அரை முடிச்சும் போடுவேன், துண்டு நழுவாமலிருக்க. முன்பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுத்து, கீல் மாதிரி ஒரு மெல்லிய பட்டையை மட்டும் விட்டு, துண்டைத் தள்ளுவேன். துண்டு கப்பிக்கு மேலே இருந்து கவிழ்ந்து கப்பிக்குக் கீழே போய்த் தொங்க வேண்டும். அந்த இடைவெளியில் குறைந்தது ஒரு மீட்டர் சும்மா விழுகிறது.

கீழே இருப்பவர் பயந்து கயிற்றை இறுக்கிவிட்டார் என்று வையுங்கள். ஒரு மீட்டர் விழுந்த 100 கிலோத் துண்டு 20 சென்ரிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அப்போது கயிற்றில் வருகிற இழுவை 600 கிலோ. கப்பியின் இரண்டு பக்கமும் கயிறு இழுப்பதால் மரத்தின் மேல் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆயிரம் கிலோவைத் தாண்டும். அந்த மரத்தில்தான் நான் கட்டுண்டு நிற்கிறேன். அதே துண்டைக் கீழே இருப்பவர் இன்னொரு மீட்டர் ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால் கயிற்றில் 200 கிலோ, மரத்தில் 400. கட்டையும் கயிறும் நானும் அப்படியேதான் இருக்கிறோம். மாறியது கீழே இருக்கிற இரண்டு கை மட்டும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு லயத்துக்குப் பின்னால் இது நடந்தது. கயிறு பிடித்தவர் என்னை விடப் பலசாலி, சொந்தக்கார மச்சான். அவருக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு வெட்கம், கேட்க அவருக்கும் வெட்கம். கயிற்றை அடிமரத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையிலும் சுற்றிக்கொண்டு நின்றார். துண்டு கவிழ்ந்தது. ஓடவில்லை. மரம் தென்னை மட்டை மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. துண்டு ஊசலாடி வந்து என் இடது தொடையில் மோதியது. ஆறு வாரம் வேலையில்லை. மச்சானின் கை கயிற்றோடு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது, நல்லவேளை விரல் தப்பியது. லயத்தின் தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று வீட்டுக்காரர் சந்தோசப்பட்டார். அவர் மேல் தப்பில்லை, நான் கேட்ட கூலியில் கீழாளுக்கு என்று தனியாக ஒரு சதமும் சேர்க்காதவன் நான்தான்.

இப்போது கீழாளுக்கும் எனக்கும் சம கூலி. அவர் கையில் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். கயிற்றை அடிமரத்தில், அல்லது அதற்கென்று உள்ள இரும்புக் குழாயில் சுற்றுகிறார். ஒவ்வொரு முழுச் சுற்றும் பாரத்தை மூன்று நான்கு மடங்கு குறைக்கும். இரண்டு சுற்றுப் போட்டால் கைக்கு வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மேலே இருக்கிற துண்டின் பாரத்தை மதித்து ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று முடிவு செய்வது அவர் வேலை. பாசி பிடித்த ஈர மரமென்றால் கயிறு வழுக்கும், ஒரு சுற்றுக் கூட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. மிச்சக் கயிறு கிடக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது. துண்டு விழும் வழிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. துண்டு கப்பியைத் தாண்டுகிற கணத்தில் கயிறு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் பிறகுதான் நிறுத்தம். பின்னேரம் மஸ்கெலியாப் பக்கம் மிஸ்ட் இறங்கினால் எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. "வெட்டப்போறேன்" என்று நான் கத்தி, "விடு" என்று அவர் பதில் கத்தாத வரைக்கும் மெஷின் வாள் ஓடாது.

நான் மேலே மயங்கிவிட்டால் ஏறி வந்து இறக்குவதற்கும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை, ஆனால் தோட்டத்து ரோட்டில் அது வந்து சேருகிற வரைக்கும் பட்டியில் அசையாமல் தொங்குகிறவனுக்கு நேரமில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளை கரண்ட் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் யாரும் தொடாதீர்கள், கரண்ட் ஒபீசுக்கு 1987 என்ற நம்பரில் சொல்லுங்கள். தோட்டத்துக்குக் குறுக்கே போகிற பெரிய கம்பி 33,000 வோல்ட்டாக இருக்கலாம், ஈரக்கிளை அதற்கு நல்ல வழி. லயத்துப் பின்னால் நிற்பது தோட்டத்து மரம், நீங்களாக வெட்டினால் வழக்கு வரும். தோட்ட ஒபீசுக்குக் கடிதம் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காணியில் உள்ள பலா, ஈரப்பலாவை வெட்டவும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். வெட்டாமல் கழிக்க மட்டும் வருகிறவர் காலில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு ஏறினால் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு குத்தும் மரத்துக்கு ஒரு புண்.

போன மாதம் கூப்பிட்டவர், "என் மகன் பிடிப்பான், 20 வயசு" என்றார். சரி, சனிக்கிழமை காலையில் அனுப்புங்கள் என்றேன். பையன் செருப்புக் காலோடு வந்தான், கூடவே விலை பேச அப்பாவும். செருப்பைக் கழற்றி என் பழைய பூட்ஸை மாட்டவைத்து, உரச்சாக்கில் 50 கிலோ மண்ணை நிரப்பி, கொய்யா மரம் தாங்காது என்று பக்கத்திலிருந்த பலாமரத்தில் கப்பி போட்டுத் தூக்கினோம். முதல் தடவை விட்டபோது இறுக்கிப் பிடித்தான், கயிறு டங்கென்று நின்று பலா இலையெல்லாம் உதிர்ந்தது. இரண்டாவது தடவை பயந்து மொத்தமாக விட்டுவிட்டான், சாக்கு வெடித்து மண் அப்பாவின் வேட்டியில். வேறு சாக்கு எடுத்தோம். ஐந்தாவது தடவை கயிறு அவன் கையில் சரசரவென்று ஓடி, மெல்ல மெல்ல மந்தமாகி, சாக்கு தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அவனே அதைக் குனிந்து பார்த்தான். அப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டே, "தம்பி, இவனுக்கும் ஒரு பேர்க் கூலி போட்டுக் கணக்கைச் சொல்லுங்க" என்றார்.