நிறத்தை வைத்துப் பாம்பை அடையாளம் காணாதீர்கள்

நல்லூர்த் திருவிழா நேரம், பசுவுக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வளவில் கிடுகு அடுக்கியிருந்த மூலையில் ஒரு பாம்பு. "டொக்டர், ரொறன்ரோவில இருந்து வந்த என்ர பேரன் இதைக் கையால தூக்கப் போனவன். தான் அங்க வளர்க்கிற கோர்ன் ஸ்னேக் மாதிரியே இருக்குதாம்."

படத்தில் இருந்தது அந்த நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்பு அல்ல; கொடிய நஞ்சுள்ள புடையன், அதாவது கண்ணாடி விரியன். அம்மம்மா போட்ட சத்தத்தில்தான் பிள்ளை கையை எடுத்திருக்கிறான்.

அடுத்த நாள் அவனையும் கூட்டி வந்தார்கள். பன்னிரண்டு வயது, கெட்டிக்காரப் பிள்ளை. தன் பாம்பின் படங்களைக் காட்டினான். குட்டியாக வாங்கியபோது சாம்பல் நிறம். கடைக்காரர் அதை 'அனெரி' என்ற நிறவகை என்று சொல்லி விற்றிருக்கிறார். வளர வளர உடம்பு மஞ்சள் கலந்த பழுப்பாகிவிட்டது. அது உண்மையில் 'கேரமல்' என்னும் மோர்ஃப், அதாவது ஒரே இனத்திற்குள் நிறமோ கோலமோ மாறி வரும் வகை. குட்டிப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ஒரே இனத்திற்குள் இத்தனை நிறம் வரும் என்று பழகிய பிள்ளைக்கு, எங்கள் வளவில் கிடந்ததும் இன்னொரு மோர்ஃபாகத்தான் தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டில் கோர்ன் ஸ்னேக் வளர்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அவனிடம் சொன்னதையே சொல்கிறேன். இது அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த, நஞ்சில்லாத பாம்பு. மோர்ஃப் பார்க்கும்போது முதலில் வயதைக் கேளுங்கள், அப்புறம் கண்ணைப் பாருங்கள். கறுப்பு நிறமி இல்லாத 'அமெல்' செம்மஞ்சளாக இருக்கும், கண் சிவக்கும். சிவப்பு நிறமி இல்லாதது அனெரி. சாம்பலும் கறுப்புமாக இருக்கும், வளர்ந்தபின் கழுத்தில் மஞ்சள் படியும். அப்படிப் படியாவிட்டால் 'சார்கோல்' ஆக இருக்கலாம். அமெலும் அனெரியும் ஒரே குட்டியில் சேர்ந்தால் 'ஸ்னோ', ஏறக்குறைய வெள்ளை. அடுத்தது வயிறு. சாதாரணக் கோர்ன் ஸ்னேக்கின் வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் இருக்கும். 'மொட்லி'யில் அந்தக் கட்டங்கள் மறைந்துவிடும், முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து நடுவில் வட்டங்கள் விடும்.

இவ்வளவு பார்த்தாலும் பெற்றோர் தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெல், அனெரி போன்றவை ஒடுங்கிய மரபணுக்கள்; தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பார்வைக்குச் சாதாரணமான தாயும் தகப்பனும் ஒரே மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அது வெளிப்படும். படத்தை மட்டும் பார்த்து மோர்ஃப் சொல்பவரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்தக் கண்ணையும் வயிற்றையும் பார்க்கும் வேலை கூண்டுக்குள் இருக்கும் பாம்புக்கு மட்டுந்தான். புடையனின் முதுகில் கறுப்பு விளிம்பிட்ட நீள்வட்டங்கள் மூன்று வரிசையாக ஓடும்; தலை முக்கோணம்; சீறினால் தூரத்திலேயே கேட்கும். ஆனால் விளிம்பை மட்டும் நம்ப முடியாது: கேரமலின் திட்டுகளுக்கும் இதே கறுப்பு விளிம்பு உண்டு. நாகபாம்பிலும் வெள்ளைக் குட்டிகள் பிறக்கின்றன. நிறம் போனாலும் நஞ்சு போகாது.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்திறங்கிய அன்றே சொல்லிவிடுங்கள்: வேலியோரம், கிடுகுக் கும்பி, விறகு அடுக்கு, எங்கே பாம்பைக் கண்டாலும் விலகி வந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். அங்கே வளர்க்கும் பாம்பை இங்கே கொண்டுவரவும் நினைக்க வேண்டாம். இலங்கை வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அது சட்டவிரோதம்.

கடித்துவிட்டால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. தூரத்தில் நின்று எடுத்த ஒரு படம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். படத்துக்காகக் கிட்டப் போகாதீர்கள்.