ரியாக்‌ஷனரி டிலே: சொல் விளக்கம்

வானிலை நன்றாக இருக்கிறது, பயணிகள் எல்லாரும் வந்தாயிற்று, விமானம் மட்டும் வரவில்லை. முந்தைய ஊரிலிருந்தே அது பிந்திக் கிளம்பியிருக்கிறது. இப்படி ஒரு பயணத்தின் தாமதம் அடுத்த பயணத்தின் தலையில் விடிவதைத்தான் விமானத் துறையில் ரியாக்‌ஷனரி டிலே என்கிறார்கள். பிரிட்டன் ரயில்வேயிலும் இதே சொல் புழங்குகிறது.

அகராதியில் ரியாக்‌ஷனரிக்குப் ‘பிற்போக்கு’ என்றிருக்கும். அது அரசியல் பொருள், இங்கே ஒட்டாது. ரியாக்‌ஷன், அதாவது ஒன்று நடந்ததன் விளைவாக மற்றொன்று நடப்பது என்ற அடிப்படைப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும். மூடுபனியாலோ இயந்திரக் கோளாறாலோ நேரடியாக வருவது முதல் தாமதம். அதிலிருந்து கிளைப்பவை எல்லாம் ரியாக்‌ஷனரி.

இது எப்படிப் பரவுகிறது? குறுகிய தூரம் பறக்கும் விமானம் ஒரே நாளில் நாலைந்து பயணம் போகும். பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி மறுபடி கிளம்ப 35 நிமிடம் போதும், அட்டவணையில் 45 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 40 நிமிடம் பிந்தினால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10 நிமிடம்தான் மீட்கலாம். இரண்டாவது பயணம் 30, மூன்றாவது 20, நான்காவது 10 நிமிடம் பிந்தும்.

இது நல்ல நாள் கணக்கு. பணியாளர்களின் பணிநேர வரம்பு முடிந்துவிட்டால் மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டியதுதான். அதே பணியாளர்கள் அடுத்து வேறொரு விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால், சரியான நேரத்துக்கு வந்து நிற்கும் அந்த விமானமும் மாட்டிக்கொள்ளும். விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் (IATA) தாமதக் குறியீடுகளில் விமானம் பிந்தி வந்ததற்கு 93, பணியாளர்களுக்காகக் காத்திருந்ததற்கு 94, 95 என்று தனித்தனி எண்களே உண்டு. இரவு நீண்ட நேரம் நிற்கும்போது சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும். அதிகாலை விமானங்கள் நேரத்துக்குக் கிளம்புவது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தொடர் தாமதம்’ முதலில் வாயில் வரும். ஆனால் தொடர் மழை என்றால் விடாத மழை. அதேபோல் இதையும் ஒரே விமானம் விடாமல் பிந்துவதாகத்தான் படிப்பார்கள். ‘சங்கிலித் தாமதம்’ மொத்த நிகழ்வுக்குப் பொருந்தும், ஒரு தனிப் பயணத்துக்கு இடிக்கும். என் தேர்வு ‘விளைவுத் தாமதம்’.

தாமதம் என்பதே வடமொழியின் தாமஸத்திலிருந்து வந்தது, அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குத் ‘தாழ்ச்சி’ இருக்கிறது. ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்ற குறளில் (671) அதற்குக் காலம் தாழ்த்துதல் என்றே பொருள். ‘விளைவுத் தாழ்ச்சி’ என்றால் இன்று தரம் இறங்கியதாகத் தோன்றும், அதனால் ‘விளைவுக் காலத்தாழ்ச்சி’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகைக்கு அது நீளம்.

மேலே சொன்ன விமானத்தின் நாளை இப்படி எழுதலாம்: முதல் தாமதம் 40 நிமிடம், விளைவுத் தாமதம் 60 நிமிடம்.