தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஓடையில் உட்காரவையுங்கள்

மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீண்டும் அதே கதை. நாகலாபுரம் மலைக்கு ஒரு நாள் ட்ரெக்கிங் போன குழுவில் ஒரு பையன் மதியம் சுருண்டு விழுந்திருக்கிறான். நண்பர்கள் மாற்றி மாற்றித் தூக்கி, பாறைகளைத் தாண்டி வேனில் ஏற்றி, வழியில் ஒரு கிளினிக்கில் நிறுத்தி ஊசியும் டிரிப்ஸும் போட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், செங்குன்றம் என்று நெரிசலில் ஊர்ந்து வடசென்னையில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் உடம்பு அப்போதும் அனலாகக் கொதித்தது. வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். அவனுக்குத் தேவைப்பட்ட வைத்தியம், அவன் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணியில இறக்கினீங்களா?" என்று கேட்டால், எப்போதும் வரும் பதில்தான் வந்தது: "சூடா இருக்கும்போது தண்ணி பட்டா ஜன்னி கண்டுடும்ல டாக்டர்?"

கண்டுவிடாது. இதைப் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

கடும் உழைப்பில் வரும் வெப்ப வாதம் என்றால் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சூட்டிலேயே எவ்வளவு நேரம் கிடக்கிறார் என்பதுதான் பிழைப்பாரா, சிறுநீரகமும் கல்லீரலும் தப்புமா என்பதை முடிவு செய்கிறது. விழுந்த அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். தண்ணீரில் இறக்கிய பிறகு சிலருக்கு வலிப்பு வருவது உண்மை. கொதித்துப்போன மூளையிலிருந்து வருகிற வலிப்பு அது. தண்ணீரில் இறக்காமல் விட்டாலும் வரும், இன்னும் மோசமாக வரும். பார்த்தவர்கள் பழியைத் தண்ணீர்மேல் போட்டுவிடுகிறார்கள்.

"இதயம் நின்னுடாதா?" என்பது அடுத்த பயம். அமெரிக்காவில் ஃபால்மத் என்ற ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் வெயிலில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் வெப்ப வாதத்தால் விழுந்த 274 பேரை மருத்துவக் குழு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். 2015இல் வெளியான கணக்கு இது. ஐஸ் தண்ணீரே கொல்லவில்லை, நம் ஊர் ஓடைத் தண்ணீரா கொல்லப்போகிறது? (என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிர் பட்டால் தோலின் ரத்தக் குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். முக்கியெடுத்தால் சூடு வேகமாக இறங்குகிறது என்பது அளந்து பார்த்த விஷயம்.)

இன்னொன்று: "வேர்த்துக் கொட்டுச்சு டாக்டர், அதான் ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்காதுன்னு நினைச்சோம்." தோல் வறண்டு போவது, வீட்டுக்குள்ளேயே புழுங்கிக் கிடக்கும் வயதானவர்களிடம் பார்ப்பது. மலையேறி விழும் இளைஞர் வியர்வையில் குளித்தபடியே வெப்ப வாதத்தில் இருப்பார். தோலைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். கலகலப்பாக வந்தவர் திடீரென்று மௌனமாகி வரிசையில் பின்தங்குகிறாரா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? கால் பின்னுகிறதா? "வேன் எங்க நிக்குது? காலைல எங்க சாப்பிட்டோம்?" என்று கேளுங்கள். பதில் உளறலாக வந்தால் வேறு சோதனை வேண்டாம். நெற்றிக்கு நேரே காட்டும் தெர்மாமீட்டரை நம்பவே நம்பாதீர்கள், வியர்த்த நெற்றியில் அது குறைத்துத்தான் காட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் உளறுவார். குளுக்கோமீட்டர் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள், ஆனால் அதற்காகக் குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பை, ஷூ, ஜீன்ஸ், இறுக்கமான பனியன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கூச்சப்படும் நேரமில்லை. ஆழமில்லாத, இழுப்பில்லாத இடமாகப் பார்த்துக் கழுத்தளவு தண்ணீரில் அவரை உட்காரவையுங்கள். துண்டையோ துப்பட்டாவையோ மார்பின் குறுக்கே, இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து ஒருவர் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். இன்னொருவர் வேலை தலையைத் தாங்குவது மட்டும்தான். முகம் ஒருபோதும் தண்ணீருக்குள் போகக் கூடாது. வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். உடம்பை ஒட்டியிருக்கும் தண்ணீர் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும், அதனால் கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். கடிகாரம் பார்த்து 15 முதல் 20 நிமிடம். நடுங்கத் தொடங்கி, பேச்சும் தெளிந்தால் போதும், வெளியே எடுத்துவிடலாம்.

அந்த நேரத்தில் இரண்டு பேர் (ஒருவர் மட்டும் போகக் கூடாது) சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் 108ஐ அழைக்கட்டும். நாகலாபுரமும் தடா அருவியும் ஆந்திர எல்லைக்குள் இருப்பவை. மறுமுனையில் தெலுங்கில் பேசலாம். பக்கத்துக் கிராமத்தின் பெயரைக் காலையிலேயே எழுதிவைத்திருப்பது அப்போதுதான் உதவும்.

பூண்டிப் பக்கம் குடியம் குகைக்குப் போகும் வழி வறண்ட புதர்க்காடு, ஓடையை நம்ப முடியாது. அங்கே நிழலில் படுக்கவைத்து, மொத்தக் குழுவின் தண்ணீரையும் உடம்பு முழுக்க ஊற்றி, ஈரத் துணிகளைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டு, நான்கு பேர் கையில் கிடைத்ததை வைத்து விசிற வேண்டும். முக்குவது அளவுக்கு வேகம் வராது. வெறுமனே தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட எவ்வளவோ மேல். வேனில் ஏற்றிய பிறகும் ஈரத் துணியும் ஏசியும் தொடரட்டும்.

செய்யக் கூடாதவை: உளறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இங்கே வேலை செய்யாது, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. வழியில் டிரிப்ஸுக்காக நிற்காதீர்கள், அது சூட்டைப் போதுமான அளவு இறக்காது. தெளிந்து எழுந்து "நான் நல்லாதான் இருக்கேன், வீட்டுக்குப் போலாம்" என்று சொன்னாலும் விடாதீர்கள். தசை சிதைந்து சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போவதும், கல்லீரல் அளவுகள் ஏறுவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். முதல் நாள் ரத்தப் பரிசோதனை அழகாக இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது.

இனி போவதற்கு முன்னால். "நாங்க வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க" என்று தண்டையார்பேட்டைத் தம்பிகள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. வாரம் முழுக்க ஏசியில் உட்கார்ந்து வேலை செய்யும் உடம்பு வெயிலுக்குப் பழகிய உடம்பு அல்ல. பழக ஒன்று முதல் இரண்டு வாரம் தினமும் வெயிலில் உழைக்க வேண்டும். மணலி, எண்ணூர் கம்பெனிகளில் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் விடியற்காலை மாதவரத்தில் வேன் ஏறுகிறவர்கள் தயவுசெய்து அந்த வாரம் வர வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தின இரவு மது, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே. "காசு கட்டிட்டேனே" என்பார்கள். தயவுசெய்து, அந்தக் காசு போகட்டும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது. ஆனால் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சோடியத்தைக் குறைத்து ஆளை மயக்கிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ளதைச் சாப்பிடுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பழ வாசனையோடு டெட்ரா பேக்கில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். இல்லை. அந்தப் பெயரை அவை போட்டுக்கொள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தடை விதித்துவிட்டது.

குழுவை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேகத்தை முன்னால் போகிறவர் தீர்மானிக்கக் கூடாது, கடைசி ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுகிறீர்கள், ஓய்வே கிடைக்காமல் போவது அவருக்குத்தான். அவர் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகு கிளம்புங்கள். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருபவர் (ஸ்வீப்), நன்றாக நடப்பவராக இருந்தால் மட்டும் போதாது, மேலே எழுதிய கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். காலை 11 மணிக்கு எங்கே இருந்தாலும் ஏற்றம் முடிந்தது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

ஒருமுறை வெப்ப வாதம் வந்தவர் குறைந்தது ஒரு வாரம் எந்த உடற்பயிற்சியும் செய்யக் கூடாது. ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, முதலில் நிழலில் மெதுவாக, அப்புறம் சில வாரங்களில் படிப்படியாக வெயிலில். வியாசர்பாடி மைதானத்தில் மாலை ஃபுட்பால் ஆடுவதற்கும் இதே கணக்குதான். அடுத்த ட்ரெக்குக்குப் பெயர் கொடுக்கும்போது இப்படி ஒருமுறை ஆனதைப் படிவத்தில் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.