கெட்டமின் சிறுநீர்ப்பையை என்ன செய்கிறது?

"கேபாட் என்கிறார்களே, அதில் இருப்பது கெட்டமினா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேபாட் என்பது போதைப்பொருள் கலந்த மின்சிகரெட் குப்பி. அதில் இருப்பது பெரும்பாலும் எட்டோமிடேட்தான். சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் 1 அன்று அதைச் சட்டத்தின் 'சி' பிரிவுப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். கெட்டமின் 'ஏ' பிரிவு. இரண்டுமே மயக்க மருந்துகள். கெட்டமினை மாதக்கணக்கில் உறிஞ்சுபவர்களுக்குச் சிக்கல் வருவது எதிர்பாராத இடத்தில்.

கல்லீரல் அதைச் சிதைக்கும், சிறுநீரகம் வடிகட்டும். இது பள்ளிப் பாடம். வடிந்த பொருள்கள் சிறுநீர்ப்பையில்தான் மணிக்கணக்கில் தேங்குகின்றன. அதன் உட்சுவரின் மேல்வரிசையில் இருப்பவை, எனக்கு மிகவும் பிடித்த குடைச் செல்கள்; கீழுள்ள செல்களைக் குடைபோல மூடியிருப்பவை. யூரோபிளாக்கின் என்னும் புரதத் தகடுகள் அவற்றின் மேல் பதிந்து, சிறுநீர் கசியாமல் காக்கின்றன. பை நிறையும்போது சுவர் விரிய வேண்டுமே? சின்னப் பெண்ணின் பட்டுப்பாவாடையில் டக் பிடித்துத் தைப்பார்களே, அதுபோல இந்தச் செல்கள் கூடுதல் சவ்வை உள்ளேயே மடித்து வைத்திருக்கின்றன. பை நிறைய நிறைய அது மேலே வந்து பரப்பைக் கூட்டும். சிறுநீர் கழித்ததும் திரும்ப உள்ளே போய்விடும்.

கெட்டமின் இந்த வரிசையை உரித்துவிடுகிறது. சிறுநீர் கீழுள்ள திசுவில் இறங்க, அழற்சி வரும், அப்புறம் தழும்பு. தழும்பு விரியாது. 400, 500 மில்லிலிட்டர் கொள்ளும் பை 100க்கும் கீழே சுருங்கலாம். 2007இல் டொராண்டோ மருத்துவர்கள் 9 பேரிடம் இதைக் கண்டு எழுதினார்கள்.

அரை மணிக்கொரு தடவை கழிவறை, அடிவயிற்றில் வலி, சிறுநீரில் ரத்தம். பரிசோதித்தால் கிருமி இருக்காது. நம் வீடுகளில் இதை 'உடம்புச் சூடு' என்று சொல்லி பார்லி தண்ணீர் கொடுத்தே மாதங்களைக் கடத்திவிடுவார்கள். எனக்கு எரிச்சலே வரும். பித்தக்குழாய் வீங்கி மேல்வயிற்றிலும் வலி வரலாம். ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, காய்ச்சலோடு விலா வலித்தாலோ அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

முதல் சிகிச்சை, நிறுத்துவதுதான். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்குக் குறைகிறது. ஆனால் கெட்டமின் வலிநிவாரணியும்கூட. விட்டதும் வலி ஏற, அதற்காகவே மறுபடி எடுப்பவர்கள் உண்டு. அதனால் வலிக்கு வேறு மருந்தும், சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) போதைப்பழக்கச் சிகிச்சையும் சேர்ந்தே வேண்டும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று ஸ்கேன், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, சிலருக்கு உட்சுவரைக் காக்கப் பைக்குள் ஹயலுரானிக் அமிலம் செலுத்துவார்கள். கடைசி வழி, குடலில் ஒரு துண்டை வெட்டி, அதைச் சேர்த்துத் தைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகும் கெட்டமினைத் தொட்டால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய் சுருங்கி, சிறுநீரகமே பழுதாகலாம்.