பூட்டிய கட்டுரையும் இருபது கிலோ பையனும்

இருபது கிலோ எடையுள்ள ஒரு பையனை வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தீவிர வகை ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் எட்டு என்ற புரதம் அவன் உடம்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஓடி விளையாடினால் முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், வீங்கும். திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டே கெட்டு, கால் மடக்க முடியாமல் போகும். கசிந்த பிறகு ஊசிக்கு ஓடுவதைவிட, கசியாமல் இருக்க முறை வைத்து ஃபேக்டர் ஏற்றிக்கொள்வதே நல்லது. இதில் மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

வசதியான நாடுகளில் கிலோவுக்கு 25 முதல் 40 யூனிட் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்றுகிறார்கள். நம் பையனுக்கு ஒரு தடவைக்கு 500 முதல் 800 யூனிட் ஆகும். குறைந்த அளவு முறையில் கிலோவுக்கு 10 முதல் 15 யூனிட், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். அப்படியென்றால் தடவைக்கு 200 முதல் 300. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிற குடும்பத்துக்கு இந்த இரண்டாவது கணக்குதான் கட்டுப்படியாகும்.

இந்த எண்கள் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பில் இருக்கின்றன. அதன் முதன்மை ஆசிரியர் வேலூர் சிஎம்சியின் அலோக் ஸ்ரீவாஸ்தவா. காசில்லாமல் யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் இப்படி ஒரு வழிகாட்டிக்கு அடியில் நூற்றுக்கணக்கான தனித்தனி ஆய்வுக் கட்டுரைகள் கிடக்கின்றன. அவையெல்லாம் இதுபோலத் திறந்திருப்பதில்லை.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் என்ற இணையதளத்தில் தேடினால் பெரும்பாலான கட்டுரைகளுக்குச் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். "குறைந்த அளவு ஃபேக்டர், கசிவைக் குறைத்தது" என்று அதில் இருக்கும். சரி, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? எத்தனை மாதம் பார்த்தார்கள்? ஏற்றிய ஃபேக்டரையே உடம்பு எதிரியாக நினைத்து இன்ஹிபிட்டர் உண்டாக்கியது எத்தனை பேருக்கு? மூட்டின் நிலை முன்பு எப்படி, பின்பு எப்படி? மருத்துவருக்கு வேண்டியதெல்லாம் உள்ளே உள்ள அட்டவணையில்தான் இருக்கிறது. அட்டவணையைப் பார்க்கப் போனால் முப்பது, நாற்பது டாலர் கட்டச் சொல்லும். ஒரே ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது.

அந்தப் பணம் எங்கே போகிறது? பல ஆய்வுகளுக்கு அரசு பணம் கொடுக்கிறது. எழுதுபவருக்கு இதழ் காசு தருவதில்லை. வந்த கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்கிறார்கள், அவர்களுக்கும் பொதுவாகச் சம்பளம் கிடையாது. பிறகு பதிப்பாளர் பக்கம் அமைத்து, காப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, நூலகங்களுக்குச் சந்தா வைத்து விற்கிறார். கல்யாண வீட்டில் அரிசி பருப்பு நம்முடையது, சமைத்தது நாம், உப்பு உறைப்புப் பார்த்தது பங்காளிகள். பந்தியில் உட்காரும்போது மட்டும் மண்டபக்காரர் இலைக்குக் காசு கேட்கிறார். பக்கம் அமைப்பதற்கும் கணினியில் காலம் காலமாகக் காப்பதற்கும் செலவு உண்டுதான். ஆனால் அந்த விலைக்கு அது கணக்காகாது என்பது என் கட்சி.

புடாபெஸ்ட்டில் 2001 டிசம்பரில் நடந்த கூட்டத்தின் பேரில் 2002-ல் வெளியான அறிக்கைதான், யாரும் காசில்லாமல் கட்டுரைகளைப் படிக்கலாம் என்கிற 'திறந்த அணுக்கம்' என்ற ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது. அதற்குள்ளேயே பல வழிகள் உண்டு. ஒன்றில் படிப்பவருக்குப் பதிலாக எழுதுபவர் கட்டணம் கட்டுகிறார். 'நேச்சர்' இதழ் 2020-ல் இதற்குச் சொன்ன தொகை 9,500 யூரோ. மதுரையில் ஒரு மருத்துவர் அரிய ரத்தக்கசிவு நோயாளி ஒருவரைப் பற்றி எழுத நினைத்தால் அந்தக் காசுக்கு எங்கே போவார்? படிக்கும் கதவு திறந்ததும் எழுதும் கதவு சாத்திக்கொள்கிறது. சில இதழ்கள் ஏழை நாடுகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன, ஆனால் இந்தியா அந்தப் பட்டியலில் பெரும்பாலும் சேராது. இந்த இடுக்கில்தான் போலி இதழ்களும் நுழைந்தன. "மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே" என்று மின்னஞ்சல் வரும். பணம் கட்டினால் யாரும் படித்துப் பார்க்காமலே அச்சாகிவிடும்.

இன்னொரு வழி, காத்திருப்பது. 1946-ல் தொடங்கிய 'பிளட்' இதழ், ரத்தவியலில் பெரிய பெயர். அதை நடத்துவது அமெரிக்க ரத்தவியல் சங்கம். அதன் கட்டுரைகள் ஓராண்டு கழித்து எல்லோருக்கும் திறக்கும். அதே சங்கம் 2016-ல் தொடங்கிய 'பிளட் அட்வான்சஸ்' முதல் நாளிலிருந்தே திறந்தது. பழைய சரக்கு நிறைய இப்போது வெளியே வந்துவிட்டது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-ல் ஒரு லண்டன் இதழில் எழுதினார்கள். இன்று அதை இலவசமாகப் படிக்கலாம்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். நல்லதுதான். ஆனால் இது எல்லோருக்குமாகச் சேர்த்துக் கட்டும் சந்தாவே தவிர, பூட்டு அப்படியே இருக்கிறது. திருமங்கலத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருப்பவருக்கும் அந்தப் பையனின் அம்மாவுக்கும் இதில் இடமில்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று, உரிமம். இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் திறந்தது ஆகாது. கட்டுரையின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ பொடி எழுத்தில் 'சிசி பை' (CC BY) என்றிருந்தால், பெயர் குறிப்பிட்டு யாரும் தமிழாக்கி அச்சிட்டு வார்டில் கொடுக்கலாம். 'என்டி' (ND) என்று வால் சேர்ந்திருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிட அனுமதி கேட்க வேண்டும். மூட்டு வீங்கினால் முதலில் என்ன செய்வது என்று படம் போட்ட துண்டுத்தாள் ஒன்று வேண்டுமென்றால், இந்த இரண்டெழுத்துதான் குறுக்கே நிற்கும்.

பூட்டிய கட்டுரை கண்ணில் பட்டால் பணம் கட்டும் முன் செய்யக்கூடியவை உண்டு. அன்பேவால் (Unpaywall) என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்தால், அதே கட்டுரையின் திறந்த படி வேறெங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதிக் கேட்கலாம், பலர் அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்ச் சரக்கு வேண்டுமென்றால், தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியம் இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரி எம்.டி. மாணவர்களின் ஆய்வேடுகள் அங்கே முழுசாகத் திறந்து கிடக்கின்றன. இதழ்களில் நடப்பதுபோன்ற மதிப்பாய்வைத் தாண்டி வந்தவை அல்ல என்பதால், முடிவுரையை மட்டும் நம்பாமல் எத்தனை பேரை, எப்படிப் பார்த்தார்கள் என்ற பகுதியை முதலில் படிக்க வேண்டும்.